மாம்பலம் ஸ்டேஷனில் வடிவு

அப்பாவின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் தங்கபுஷ்பம் கட்டிக்கொண்டிருந்தபோதே வாசலில் வாடகைக் கார் வந்து நின்றது. உறவின்முறைச் சங்கத்துச் செயலாளர் சுயம்புலிங்கம் ஆளுயர மாலையோடு இறங்கினார். அவருக்குப் பின்னால், தலையைக் குனிந்தபடி, அவள் புருஷன் கனகராஜ்.

முடிச்சு சரியாக விழவில்லை. அவிழ்த்து மறுபடி கட்டினாள். மூன்று வருஷமாக இந்தத் தெருப் பக்கமே தலை காட்டாதவன், இழவுக்கு வந்திருக்கிறான். வராதே என்று யார் சொல்ல முடியும்?

கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் இழவு வீட்டில் பிணமாகவும் இருக்க ஆசைப்படுகிறவர் என்று அப்பாவை, எழுத்தாளர் அய்யாதுரையை, வீட்டில் கேலி செய்வதுண்டு. இருபதுக்கு மேல் நாவல் எழுதியவர். ஏறிய மேடைகள் அதைவிட அதிகம். தி. நகரில், மயிலாப்பூரில் எந்தச் சங்கத்து வீட்டுக் கல்யாணமானாலும் வாழ்த்து மடல் வாசிக்க அவர்தான். கடை திறப்பு, பள்ளிக்கூட ஆண்டு விழா, புத்தக வெளியீடு, எதற்குக் கூப்பிட்டாலும் போவார். கூப்பிடாவிட்டால் இரண்டு நாள் யாரோடும் பேச மாட்டார். இன்றைக்குக் கூடம் கொள்ளாமல் ஆள். பார்க்கத்தான் அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

பாண்டி பஜாரிலிருந்து வந்த ஒரு பெண்மணி தங்கபுஷ்பத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"இப்படி ஒன்ன நடுவழியில விட்டுட்டுப் போயிட்டாகளே, வடிவு!"

வடிவு என்பது அப்பாவின் தொடர்கதை நாயகி. ஒரு வருஷமாகச் சங்கத்துப் பெண்கள் பாதிப் பேர் அவளை அந்தப் பெயரில்தான் பார்க்கிறார்கள். திருத்திச் சொல்ல அவளுக்கு எப்போதும் தோன்றியதில்லை. இன்று முதல் தடவையாகச் சுருக்கென்றது.

கனகராஜுக்கு ரங்கநாதன் தெருவில் பாத்திரக்கடை. குழம்பில் உப்புக் கூடிப்போன ஒரு சித்திரை மத்தியானம், அவளைச் செருப்பில்லாமல் மொட்டைமாடிக்கு ஏற்றி, கதவைத் தாழ் போட்டுவிட்டுக் கடைக்குப் போனான். சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர்கள் திறந்துவிட்டார்கள். அன்றைக்கு அப்பா வீட்டுக்கு வந்தவள் திரும்பவில்லை.

அப்பாவுக்குக் கை நடுக்கம். கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே கதையைச் சொல்வார். முக்காலியில் உட்கார்ந்து அவள் எழுதுவாள். "எழுது புஷ்பம்" என்றுதான் தொடங்குவார். போன வருஷம் ஒரு நாள், வடிவின் காலடியில் மாடித் தளம் கொதித்தது என்று சொல்லிவிட்டு நடையை நிறுத்தினார்.

"கொப்புளம் மொதல்ல எங்க வந்துச்சு? குதிகால்லயா, விரல்லயா?"

அவளுக்குப் பகீரென்றது. பேனாவைப் பார்த்துக்கொண்டே, "விரல்ல" என்றாள்.

"சரி. அதையும் எழுது."

அன்று அவர்மேல் வந்த வெறுப்பு முழுசாகப் போகவில்லை. ஆனால் அந்த வாரம் பத்திரிகை வந்ததும், பெற்ற தாயிடம்கூட அவள் வாய்விட்டுச் சொல்லாததை ஊரே படித்தது. கனகராஜ் கடையில் உட்கார முடியாமல் ஒரு வாரம் விருதுநகருக்குப் போய்விட்டான். அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அதை மறைப்பானேன்?

சங்கத்துக்குத்தான் கதை கசந்தது. இதைப் படித்துவிட்டு வீட்டுக்கு வீடு பெண்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள் என்றார்கள். போன ஞாயிறு ஆண்டு விழாவில் அப்பாவுக்குப் பொன்னாடை போர்த்திய கையோடு, ஒலிபெருக்கியிலேயே கேட்டுவிட்டார் சுயம்புலிங்கம்: "அண்ணாச்சி, அடுத்த வாரம் கதை முடியுது. வடிவு புருஷனோட சேருவாளா, மாட்டாளா?"

அப்பா கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் கேட்பதைக் கொடுத்தே பழகிய மனுஷன்.

"சேருவா. நல்ல குடும்பத்துப் பொண்ணு, சேராம எங்க போவா?"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. பெண்கள் பக்கத்தில் அவளைச் சுற்றி இருந்தவர்களும் தட்டினார்கள்.

மறுநாள் அவள் முக்காலியில் உட்காரவில்லை. "கடைசி அத்தியாயத்த நான் எழுத மாட்டேன். நீங்களே எழுதிக்கிடுங்க." அவருடைய நடுங்கும் கையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். அதற்கப்புறம் இருவருக்கும் பேச்சு இல்லை. இன்று காலை அவர் எழுந்து கூடத்தில் தனியாக நடந்துகொண்டு ஏதோ சொல்ல ஆரம்பித்ததும், அவள் குடத்தை எடுத்துக்கொண்டு வேண்டுமென்றே குழாயடிக்குப் போனாள். திரும்பி வரும்போது அவர் தரையில் கிடந்தார்.

"மதினி," என்று சுயம்புலிங்கம் அம்மாவின் எதிரில் குந்தி உட்கார்ந்தார். "அண்ணாச்சி மேடையில சொன்னது இப்ப சாமி வாக்கு மாதிரி ஆயிட்டுது. மகன் இல்லாத வீடு. மாப்பிள்ளை கொள்ளிச்சட்டிய எடுக்கட்டும். கருமாதி முடிஞ்சதும் புஷ்பத்தக் கூட்டிட்டுப் போகட்டும். அவுக ஆத்மா குளிரும்."

அம்மா பேச்சியம்மாள் அப்பாவின் முகத்தில் உட்கார்ந்த ஈயை விரட்டினாள்.

தங்கபுஷ்பம் கனகராஜைப் பார்த்தாள். சட்டியை அவன் தொட்டுவிட்டால் இந்த வீட்டு மருமகன் என்று ஆகிவிடும். அப்புறம் அவள் யார் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் பத்திரிகை உதவியாசிரியர் சுவாமிநாதன் வந்தார். மயிலாப்பூர்க்காரர். வாரா வாரம் அத்தியாயத்தை வாங்கிக்கொண்டு போகிறவர். உடம்புக்கு எதிரில் கைகூப்பி நின்றுவிட்டு அவளைத் தூணோரம் கூப்பிட்டார்.

"இந்த நேரத்துல கேக்கப்படாதும்மா, தெரியறது. சாயங்காலத்துக்குள்ள அச்சுக்குப் போயாகணும். கடைசி அத்தியாயம் ஏதாவது பண்ணி வச்சிருக்காரா?"

"இல்ல சார்."

சுயம்புலிங்கத்தின் காதுக்கு இதெல்லாம் தப்பாது. "அதான் அண்ணாச்சி முடிவச் சொல்லிட்டாகல்ல. புஷ்பமே நாலு வரி எழுதிக் குடுத்துரும். எப்பவும் அது கையெழுத்துதான?"

அவள் அம்மாவிடம் போய்க் காதோடு கேட்டாள்.

"காலையில அப்பா என்னம்மா சொல்லிட்டிருந்தாரு?"

"ஆட்டுக்கல்லு ஓடிட்டிருந்துச்சு. சத்தந்தான் கேட்டுச்சு."

மேடையில் சொன்னதையேதான் சொன்னாரா? மனசு மாறி வேறெதையாவது சொன்னாரா? குழாயடியில் தண்ணீர்கூட வரவில்லை. வெறும் குடத்தை வைத்துக்கொண்டு நின்ற நேரத்தில் அவர் சொன்னது போய்விட்டது. இனிமேல் யாரைக் கேட்பது?

குளிப்பாட்டி, கோடி போர்த்தி, வாய்க்கரிசி போட்டு முடித்தார்கள். பாடையைத் தூக்க ஆட்கள் குனிந்தார்கள். வாசலில் சட்டியில் நெருப்புப் புகைந்துகொண்டிருந்தது.

"மாப்பிள்ளை, வாங்க," என்றார் சுயம்புலிங்கம்.

தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈர வேட்டியோடு கனகராஜ் வந்தான். சட்டியை நோக்கிக் கையை நீட்டினான். அந்தக் கையை அவளுக்குத் தெரியும். தாழ்ப்பாள் போட்ட கை.

"வேண்டாம்," என்றாள்.

சங்கு நின்றது. தெருவே திரும்பிப் பார்த்தது.

"அவுக எடுக்க வேண்டாம். சித்தப்பா மகன் வெள்ளைத்துரை நிக்கான். அவன் எடுக்கட்டும்."

"பொம்பளப் புள்ள இதுல பேசக் கூடாதும்மா," என்றார் சுயம்புலிங்கம், குரலைத் தணித்து. "அப்பா கடைசியாச் சொன்ன வார்த்த. நாங்க அத்தன பேரும் கேட்டோம்."

"அது வடிவைப் பத்திச் சொன்னது. நான் புஷ்பம்."

அவள் சட்டிக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்றாள்.  

பேச்சியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "ஏ வெள்ளைத்துரை, வாப்பா. ஒங்க பெரியப்பாவுக்கு நீதான் எடுக்கணும். பங்காளிப் பிள்ளை நிக்கையில மருமகன் எதுக்கு?"

முறை அதுதான். சுயம்புலிங்கம் ஒதுங்கி வெள்ளைத்துரைக்கு வழிவிட்டார். கனகராஜ் கொஞ்ச நேரம் ஈரம் சொட்டச் சொட்ட நின்றுவிட்டு, கூட்டத்தோடு கலந்து பின்னுக்குப் போனான்.

ஊர்வலம் கண்ணம்மாபேட்டைச் சுடுகாட்டுக்குத் திரும்பியதும் பெண்கள் தெருமுனையிலேயே நின்றுவிட்டார்கள். அவள் திரும்பி வந்தபோது சுவாமிநாதன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார்.

"போன வாரம் கதை எங்க நின்னுச்சு சார்?" அவள் கையால் எழுதியதுதான். இருந்தாலும் கேட்டாள்.

"மாம்பலம் ஸ்டேஷன்ல. வடிவு பெட்டியோட பிளாட்பாரத்துல நிக்கறா. ரயில் வர்ற சத்தம் கேக்கறது."

"அங்கயே நிக்கட்டும்."

"முடிவே இல்லாமயா? வாசகா விடமாட்டாளேம்மா."

"அப்பா சொல்லாம நான் ஒரு வரிகூட எழுதினதில்ல சார். முற்றும்னு போட்டுக்கிடுங்க."

சுவாமிநாதன் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். "ரயில் வந்து நின்னுதுன்னு ஒரு வரியாவது சேத்துக்கட்டுமா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "வரட்டும். அவ ஏறணும்னு இல்லியே."

அவர் தலையாட்டிவிட்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.

வீட்டைக் கழுவிவிட்டார்கள். வந்திருந்த பெண்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள், சொல்லிக்கொள்ளாமல். அம்மாவைக் கூடத்தில் காணோம். பின்கட்டில், ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்திருந்தாள். காலையில் பாதியில் விட்ட உளுந்து மாவு வெயிலில் பொங்கிக் குழவியைச் சுற்றி ஏறியிருந்தது. ஓரமெல்லாம் காய்ந்து வெடித்திருந்தது. புளித்த வாடை.

"தண்ணி தெளிக்க ஒருக்கா கல்ல நிறுத்துனேன் புஷ்பம்," என்றாள் அம்மா. "அப்பக் கேட்டுச்சு."

தங்கபுஷ்பம் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "என்ன சொன்னாரு?"

"'எழுது புஷ்பம்'னாரு. கொஞ்ச நேரம் சும்மா நின்னாரு போல. மறுபடியும் 'எழுது புஷ்பம்'னாரு. அதுக்குள்ள நான் கல்லச் சுத்திட்டேன்."

காகம் ஒன்று சுவரில் வந்து உட்கார்ந்து மாவைப் பார்த்தது. அம்மா கையை வீசி விரட்டினாள். பிறகு குழவியைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். இறுகிக்கொண்டு வரவில்லை. தங்கபுஷ்பம் புடவையைச் செருகிக்கொண்டு எதிரில் உட்கார்ந்து, அம்மாவின் கைமேல் தன் இரண்டு கைகளையும் வைத்து இழுத்தாள்.