சேட் அறையின் சிவப்பு எண்

மகள் வாழ்க்கைப்பட்ட வீட்டில் ரசிக்லால் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். பெண்ணைக் கொடுத்த இடத்தில் வாய் நனைக்கக் கூடாது என்பது அவர்கள் குடும்ப வழக்கம். அதில் யாருக்கும் மனத்தாங்கல் கிடையாது. ஆனால் மனிதர் அந்த வழக்கத்தை அப்படியே இழுத்து நீட்டி, சம்பந்தி வேலை பார்க்கும் இடம்வரை கொண்டுவந்துவிட்டார்.

சம்பந்தி பிரபுதாஸ், குஜராத்தின் அங்கலேஷ்வரில் தீரஜ் சேட்டின் சாயத் தொழிற்சாலையில் ரியாக்டர் ஆபரேட்டர். ரசிக்லால் அங்கேயே கருவிப் பிரிவின் தலைவர். ரியாக்டரை இயக்கும் பேனல் அறையில் பிரபுதாஸ் இருந்தால் ரசிக்லால் உள்ளே காலெடுத்து வைக்க மாட்டார். போனால் சம்பந்தி எழுந்து நாற்காலியைக் கொடுப்பார், டீ வரவழைப்பார், வேண்டாம் என்று இவர் கையெடுத்துக் கும்பிட வேண்டும். எதற்கு வம்பு? ரியாக்டர் நின்று, ஷிஃப்ட் மாறி, அவர் வீட்டுக்குக் கிளம்பிய பிறகுதான் இவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்.

மே மாத வெயிலில் மூன்று பேட்ச் சாயம் வரிசையாகக் கெட்டது. சிவப்பாக வர வேண்டியது செங்கல் தூளாக வந்தது. ரியாக்டர் சூடேறும்போது குளிர்நீர் வால்வு முழுசாகத் திறந்திருக்க வேண்டும், திறக்கவில்லை. கன்ட்ரோலரில் நூறு சதவீதம் கொடுத்தேன் என்றார் பிரபுதாஸ். சேட் தன் அறைச் சுவரைக் காட்டினார். வால்வுக்குப் போகும் சிக்னல் எவ்வளவு என்று அங்கே உள்ளங்கை அகலச் சிவப்பு எண்களில் எரியும். தீபாவளி கழிந்து லாப பஞ்சமி அன்று ஆபீஸ் திறந்தபோது ரசிக்லால் தன் கையால் மாட்டிக்கொடுத்தது. வரும் வியாபாரிகளுக்கெல்லாம் சேட் அதைக் காட்டுவார். அது எதன் எண் என்று அவர்களும் கேட்டதில்லை, இவரும் சொன்னதில்லை. நிறம் நன்றாக இருந்தது.

"அறுபத்தொன்பதைத் தாண்டவே இல்லையேய்யா! நூறு குடுத்தேன்னா நூறு எங்க போச்சு?"

"சேட், பேனல்ல கீழ இருக்கிற முள்ளு…"

"முள்ளும் கிள்ளும் ரசிக்லால் பாத்துப்பான். நீ வாயை மூடு."

ரசிக்லால் பார்த்தார். வழக்கம்போல ரியாக்டர் நின்ற பிறகு, வயரைக் கழற்றிவிட்டுக் கன்ட்ரோலரின் முனைகளில் மீட்டரை வைத்தார். நூறு கேட்டால் முழு சிக்னலான இருபது மில்லியாம்பியர், சுத்தமாக வந்தது. மூன்று நாள் மூன்று தடவை பார்த்தார். சேட் அறை டிஸ்ப்ளேயைத் தனியாகச் சோதித்தார், சரி. வால்வைத் தனியாகச் சோதித்தார், அதுவும் சரி. ஆலை முழுக்க அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது; சம்பந்திக்காக விஷயத்தை மூடி மறைப்பார் என்று கேன்டீனில் பந்தயமே நடந்தது. ரசிக்லாலுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"கருவியில ஒரு குறையும் இல்ல, சேட்" என்றார்.

கருவியில் குறை இல்லை என்றால் மிச்சம் இருப்பது மனிதன். திங்கட்கிழமையிலிருந்து பிரபுதாஸுக்குப் பேக்கிங் ஷெட் என்று ஷிஃப்ட் மாறும் நேரத்தில், கேட்டில் எல்லார் முன்னாலும் சேட் அறிவித்தார். இருபது வருஷம் ரியாக்டர் ஓட்டியவர் இனி டிரம்முக்கு மூடி போட வேண்டும்.

மறுநாள் காலையில் மகள் ஹேமாங்கி போன் செய்தாள்.

"பப்பா, மாமனார் நேத்திலேருந்து ரொட்டியைத் தொடல. மாம்பழத்தைப் பிழிஞ்சு கேரி ரசம் வச்சேன், அதையும் தள்ளிட்டாரு. நான் இந்த வீட்ல எந்த முகத்தை வச்சுக்கிட்டு நடமாடுறது?"

"மீட்டர் காட்டுனதைத்தாம்மா சொன்னேன்."

"மீட்டர்கிட்டயே பொண்ணு எடுத்திருக்கலாமே அவங்க! ஒரு மத்தியானம், ரியாக்டர் ஓடும்போது அவர் பக்கத்துல போய் உக்காருங்க. டீ குடிக்க வேணாம், கண்ணால பாருங்க."

போனார். பிரபுதாஸ் எழுந்திருக்கவில்லை, நாற்காலியும் தரவில்லை. அதுவே ரசிக்லாலுக்குச் சுருக்கென்றது. நின்றபடியே பார்த்தார். சூடு ஏறியது. பிரபுதாஸ் கன்ட்ரோலரை நூறுக்குத் தள்ளினார். அதன் முகத்தில் நூறு. அதற்குச் சரியாக ஒரு சாண் கீழே, வயரில் போகும் சிக்னலைக் காட்டும் முள் மீட்டர் அறுபத்தொன்பதில் நின்றது.

ரசிக்லால் வயர் போகும் பாதையை மனதுக்குள் கணக்குப் போட்டார். கன்ட்ரோலரிலிருந்து கிளம்பும் மின்சாரம் ஒரே ஜோடி வயரில் முள் மீட்டர், வெளியே யார்டில் இருக்கும் மீட்டர், வால்வு என்று ஒவ்வொன்றின் வழியாகவும் போய்த் திரும்பி வர வேண்டும். ஒவ்வொன்றும் தன் பங்குக்குத் தடுக்கும். அறுநூறு ஓம் தடைவரைதான் அந்தக் கன்ட்ரோலரால் முழுசாகத் தள்ள முடியும். ஏற்கெனவே இருந்தது ஐந்நூற்றைம்பது. லாப பஞ்சமி அன்று இவர் அதே வயரில் சேட் அறை டிஸ்ப்ளே என்று இன்னொரு இருநூற்றைம்பதைச் செருகியிருந்தார். ஒரே சைக்கிளில் நாலு பேரை ஏற்றிய கதைதான். சமதரையில் ஓடும், மேட்டில் நின்றுவிடும். குளிர்காலத்தில் பாதி வால்வு போதும் என்பதால் மேடு வரவில்லை. மே மாதத்தில் வந்தது. சுமையெல்லாம் கழற்றி வைத்துவிட்டுச் சோதித்தால் எந்த சைக்கிளும் ஓடத்தான் செய்யும்.

ரசிக்லால் ஒரு துண்டு வயரை எடுத்துக்கொண்டு சேட் அறைக்கு நடந்தார். உள்ளே சூரத் வியாபாரிகள் இருவர் காண்டியா என்ற கடலைமாவு நொறுக்கைத் தின்றுகொண்டிருந்தார்கள். ஸ்டூலைப் போட்டு ஏறி, டிஸ்ப்ளேயின் இரண்டு முனைகளையும் அந்தத் துண்டு வயரால் சேர்த்து முறுக்கினார். மின்சாரம் அதைத் தொடாமல் குறுக்கே போனது. சிவப்பு எண் பூஜ்யம் ஆயிற்று.

"ஏய், என்னய்யா பண்றே?"

"இதுதான் சேட் சாயத்தைக் கெடுத்தது. மாட்டினவன் நான். பிரபுதாஸ்பாய் நூறுதான் குடுத்தாரு."

சேட் வியாபாரிகளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், போனை எடுத்து யார்டில் விசாரித்தார். வால்வு முழுசாகத் திறந்திருந்தது, சூடு இறங்கிக்கொண்டிருந்தது.

"சரி, பேக்கிங் ஷெட் வேணாம். என் எண் எப்ப வரும்?"

"தனியா தள்ளிக் குடுக்க ஒரு பெட்டி வாங்கணும், சேட். ஐசொலேட்டர்னு பேரு."

"வாங்கித் தொலை."

பேனல் அறைக்குத் திரும்பி ரசிக்லால் விஷயத்தைச் சொன்னார். பிரபுதாஸ் முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அது நூறில் நின்றது.

"கன்ட்ரோலரை மூணு வாட்டி விசாரிச்சீங்க. டிஸ்ப்ளேயை விசாரிச்சீங்க, வால்வை விசாரிச்சீங்க. என்னை ஒரு வாட்டி கேட்டிருந்தா, முள்ளு கீழயே நிக்குதுன்னு சொல்லியிருப்பேன்."

ரசிக்லால் கையெடுத்துக் கும்பிட்டார்.

"தப்புதான், பிரபுதாஸ்பாய்."

"இந்த ரூமுக்குள்ள சொல்லி என்ன? கேட்ல வச்சுத்தானே என் மானம் போச்சு."

ஷிஃப்ட் மாறும் சங்கு ஊதியது. ரசிக்லால் போய் கேட்டருகே நின்றார். முதலில் வந்தவனைக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பிரபுதாஸ்பாய் மேல தப்பு இல்ல. நான் வயர் போட்டதுதான் தப்பு."

"சரி சாஹேப்" என்று அவன் டிபன் பாக்ஸை ஆட்டிக்கொண்டு போய்விட்டான். அடுத்தவனை நிறுத்தினார்.