ரிவர்ஸ் அக்காவின் கழுத்து

பள்ளி இறுதி வகுப்பின் குழுப் படம் எடுத்த அன்று, புகைப்படக்காரர் மூன்று எண்ணி முடிக்கிற நொடியில், கடைசி வரிசையில் நின்ற ஒரு பையன் 'ஸ்ஸ்ஸ்' என்று பாம்புச் சத்தம் கொடுத்தான், அவனுக்கு நேர் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண் இடது தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தாள், படம் விழுந்தது, அவள் கழுத்து அப்படியே நின்றுவிட்டது. மணி பத்தே முக்கால். வெயில் நன்றாக இருந்தது. வகுப்பாசிரியர் வந்து அவள் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்துப் பார்த்துவிட்டு, "வெந்நீர் ஒத்தடம் குடும்மா, சாயங்காலத்துக்குள்ள சரியாயிடும்" என்று சொல்லி, விட்ட இடத்திலிருந்து கணக்குப் பாடத்தைத் தொடர்ந்தார். சாயங்காலம் சரியாகவில்லை. அந்த வாரம் சரியாகவில்லை. எலும்பு மருத்துவர், நரம்பு மருத்துவர், எண்ணெய் தடவி இழுத்துவிடுகிறவர் என மூவரும் முறையே பார்த்து, எலும்பு சரி, நரம்பு சரி, தசை சரி, கழுத்து மட்டும் அந்தப் பக்கம் இருக்கிறது என்று முடிவு சொன்னார்கள். இது நடந்து நாற்பத்து மூன்று வருடங்கள் ஆகின்றன.

சத்தம் கொடுத்தவன் பின்னாளில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்தான். அறுபது வயதைத் தொட்டவரை 'அவன்' என்று எழுதுவது மரியாதைக் குறைவுதான். ஆனால் கூடப் படித்தவர்களுக்குள் யாரும் எந்த வயதிலும் 'அவர்' ஆவதில்லை. அவளிடம் சொல்ல அவனுக்கு அன்று ஒரு செய்தியும் இல்லை. நாலு பேர் சிரித்தால் போதும் என்று நினைத்தான்; ஒருவரும் சிரிக்கவில்லை. மன்னிப்புக் கேட்க மூன்று முறை அவள் வீட்டு வாசல்வரை போனான். மூன்று முறையும், அவளுக்கு எந்தப் பக்கம் நின்று பேசுவது என்று முடிவு செய்ய முடியாமல் திரும்பி வந்தான். அதற்குள் தேர்வு வந்தது, முடிவு வந்தது, ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். அன்று தொடங்கிய ஒரு பதற்றம் மட்டும் அவனோடு கூடவே வந்தது. உட்கார்ந்தால் வலது கால் ஆடும். நின்றால் குட்டி போட்ட பூனை மாதிரி நடக்கத் தோன்றும். கடையில் அவன் கால் ஆடுகிற அதிர்வில், அலமாரியில் அடுக்கியிருக்கும் கண்ணாடிகள் நாள் முழுக்க மெல்ல நகர்ந்து, கடை அடைக்கிற நேரத்தில் வாசல் பக்கத்து ஓரத்தில் வந்து குவிந்து நிற்கும். அவன் மனைவி அவற்றைத் தினமும் பழைய இடத்துக்குத் தள்ளி வைப்பாள். கல்யாணமான முதல் வாரம் ஏன் என்று கேட்டாள். அப்புறம் கேட்கவில்லை. வேறு வீடுகளில் தூசி தட்டுகிறார்கள், இங்கே இது.

கழுத்து நின்றுபோனவள் அழுது தீர்த்துவிடவில்லை. ஒரு வருடம் வீட்டில் இருந்தாள். அதன் பிறகு, முன்னால் பார்க்க முடியாதவர்களுக்கு என்ன வேலை உண்டு என்று யோசித்து, ஒரு சரக்குக் கிடங்கில் போய் நின்றாள். அங்கே நீண்ட பெட்டி லாரிகளைப் பின்பக்கமாக ஓட்டி, கிடங்கின் மேடையோடு ஒட்ட நிறுத்த வேண்டும். வருடக்கணக்கில் ஓட்டியவர்களுக்கே வியர்க்கும் வேலை அது. அவள் ஏறி உட்கார்ந்தாள். தலையைத் திருப்ப வேண்டிய அவசியமே இல்லாமல், ஊசியில் நூல் கோக்கிற மாதிரி வண்டியை உள்ளே விட்டாள். மேடைக்கும் லாரிக்கும் நடுவே ஒரு தீக்குச்சி நுழையலாம், இரண்டு நுழையாது. அதுமுதல் ஓட்டுநர்கள் கிடங்கு வாசலோடு இறங்கிச் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டு, தேநீர் குடிக்கப் போனார்கள். ரிவர்ஸ் அக்கா என்று பெயர் வந்தது. அவள் சட்டைக் காலரை ஒரு பக்கம் தாழ்த்தித் தைக்க வந்த தையற்காரர் மூன்று முறை அளவெடுத்தும் திருப்தியில்லாமல் நான்காம் முறை பெண் கேட்டு வந்தார். தெருவில் போகும்போது அவர் எப்போதும் அவளுக்கு இடப்பக்கம் இரண்டடி பின்னால் நடந்தார். யாரும் மிரட்டாமலே மனைவிக்குப் பின்னால் நடக்கிற ஒரே ஆண்பிள்ளை என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அவள் முகம் பார்த்துப் பேச வேண்டுமானால் அங்கேதான் நடக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

இதெல்லாம் கண்ணாடிக்காரனுக்குத் தெரியும். தெரிந்துகொண்ட விதம்தான் அவனுடைய வாழ்நாள் வேலை. அவளுக்கு நேராக எழுத அவனுக்குத் துணிவில்லை. ஆகவே, வகுப்பில் மீதி முப்பத்தைந்து பேருக்கும் எழுதினான். 'அன்புள்ள நண்பருக்கு, நலமா? வேலை எப்படி? வீட்டில் எல்லோரும் சுகமா?' என்று ஒரே கடிதத்தை நகலெடுத்து வருடத்துக்கு ஒரு முறை அனுப்பினான். முப்பத்தைந்தில் ஒன்றாக அவளுக்கும் போயிற்று. ஆட்டு மந்தையில் ஒரு ஆட்டைத் தேடுகிறவன் மந்தைக்கே தண்ணீர் காட்டுகிற மாதிரி. பதில்கள் வந்தன. ஒருத்திக்கு இரட்டைப் பிள்ளைகள், ஒருவனுக்கு வேலை போயிற்று, ஒருவன் வீட்டில் கூரை ஒழுகுகிறது. பதில் வந்தால் மறுபதில் போட வேண்டும் அல்லவா? போட்டான். யாருக்கு மூட்டு மாற்றினார்கள், யார் மகள் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் அவன் விரல் நுனிக்கு வந்தது. வகுப்பே அவனைத் தங்கமான மனுஷன் என்றது. ஒரே ஒருத்தியின் செய்திக்காக மூடுதிரையாகப் பிடித்த நட்பு அது என்று எவருக்கும் தெரியாது. போகப்போக அவனுக்கே மறந்துவிட்டது. கூரை ஒழுகியவனுக்குத் தார்ப்பாய் எடுத்துக்கொண்டு ஆறு மணி நேரம் பேருந்தில் போனபோது அவன் அவளை நினைக்கவேயில்லை.

அவளிடமிருந்து வருடாவருடம் ஒரு அஞ்சலட்டையில் பதில் வந்தது. ஒரே சொல். 'நலம்.' அவ்வளவுதான். கண்ணாடிக்காரன் அந்த அட்டையைக் கடையிலிருந்த மிகப் பெரிய பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்ப்பான்.

"இங்க பாரு, முற்றுப்புள்ளியை எவ்வளவு அழுத்தி வச்சிருக்கா. கோவமா இருக்கா."

"பேனா மக்கர் பண்ணியிருக்கும்ங்க" என்பாள் மனைவி, கண்ணாடிகளை உள்ளே தள்ளியபடி.

"போன வருஷம் இவ்வளவு அழுத்தல."

"போன வருஷம் வேற பேனா."

அவனுக்கு வேண்டியது ஒரே ஒரு பதில்: அவளுக்குத் தன் மேல் கோபம் உண்டா, இல்லையா. கோபம் இல்லையென்றால் உட்காரலாம். உண்டென்றால் காலில் விழலாம். இரண்டும் தெரியாமல் நடுவில் நிற்பதுதான் காலை ஆட்டியது. வகுப்பில் ஒருவர் பாக்கியில்லாமல் விசாரித்தான். குண்டூசி என்கிற நண்பனிடம் மட்டும் நாற்பது முறை கேட்டிருப்பான். படிக்கும்போது குண்டூசி மாதிரி இருந்தவன், இப்போது பக்கவாட்டில் திரும்பித்தான் கடைக் கதவில் நுழைகிறான்; பெயர் மட்டும் இன்னும் இளைத்தே இருக்கிறது.

"டேய், அவ எங்கிட்ட கோவமா இருக்காளாடா?"

"சேச்சே. அதெல்லாம் எந்தக் காலத்துக் கதை."

"அப்ப கோவம் இல்லங்கிற?"

"நான் எங்கடா அப்படிச் சொன்னேன்? காலை ஆட்டாத, பல்செட் ஆடுது."

வழவழா கொழகொழா என்று பேசுவதில் அவன் வகுப்பு தேர்ச்சி பெற்றது. கடையிலும் அதே கதைதான். ஒரு வில்லையைப் போட்டு, கழற்றி, இன்னொன்றைப் போட்டு, "முதல்ல போட்டது தெளிவா, இப்ப போட்டது தெளிவா?" என்று நாளைக்கு இருபது பேரிடம் கேட்பது அவன் தொழில். இருபது பேரும், "ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு, நீங்களே பாத்துப் போடுங்க" என்பார்கள். மனிதர்கள் தங்கள் கண்ணைப் பற்றியே நேராகப் பதில் சொல்லாதபோது, அடுத்தவள் கோபத்தைப் பற்றி எங்கே சொல்வார்கள் என்று தன்னைத்தானே தேற்றிக்கொள்வான்; பிறகு எழுந்து நடக்கத் தொடங்குவான்.

கைப்பேசிகள் வந்தன; வகுப்புக்கு ஒரு குழு வந்தது. காலையில் பூக்கள், மதியம் மூட்டுவலிக்கு மருந்து, மாலையில் யாரோ அனுப்பி யாரும் சிரிக்காத நகைச்சுவை. அவள் எல்லாவற்றுக்கும் ஒரே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். மருந்துக்கும் கட்டைவிரல், மரணச் செய்திக்கும் கட்டைவிரல். நாற்பதாவது வருடம் கண்ணாடிக்காரன் ஒரு ஏற்பாடு செய்தான். எடுத்த இடத்திலேயே, நின்ற வரிசையிலேயே, அதே பத்தே முக்கால் மணிக்கு அந்தப் படத்தை மறுபடி எடுப்பது. எங்கே நின்றதோ அங்கிருந்துதானே கிளம்பும் என்பது அவன் கணக்கு. வெளியே சொன்னது, பழைய நினைவுக்காக என்று. ஆறு பேர் காலமாகியிருந்தார்கள். அவர்கள் இடத்தில் காலி நாற்காலிகள். அவள் அதே பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். அவன் பின்னால் நின்று, உதட்டைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டான். மூன்று எண்ணினார்கள். கழுத்து அசையவில்லை. அசையும் அசையும் என்று எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்ததால், படத்தில் மற்ற இருபத்தொன்பது முகங்களும் அவள் பக்கம் திரும்பியபடி விழுந்தன. கேமராவை நேராகப் பார்க்கிற முகம் ஒன்றுகூட அந்தப் படத்தில் இல்லை. குழுவில் படத்தைப் போட்டதும் அவள் ஒரு கட்டைவிரல் போட்டாள். அன்று சாயங்காலம் கண்ணாடிக்காரன் சாப்பிடவில்லை; கடையில் கண்ணாடிகள் கதவைத் தாண்டி நடைபாதைவரை போய்விட்டன.

மூன்று வருடம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், கடைக் கதவு திறந்தது. உள்ளே முதலில் ஒரு முதுகு வந்தது. ரிவர்ஸ் அக்காதான், இறுகிய கதவுகளில் அவளுக்கு அப்படி நுழைவதுதான் வசதி. ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கக் கண் சான்றிதழ் வேண்டுமாம். கையில் தாள். அந்தத் தெருவில் மட்டும் நான்கு கண்ணாடிக் கடைகள் உண்டு.

"சும்மா நிக்காத, கண்ணைப் பாரு. நாலு மணிக்கு மூணு வண்டி வருது" என்றாள்.

சோதனை அறையில் எழுத்துப் பலகை எதிர்ச் சுவரில் இருந்தது. அவள் முகமோ பின்சுவரைப் பார்த்தது. அவன் பலகையைக் கழற்றிப் பின்சுவரில் மாட்டினான். ஆணி இறங்க மறுத்து, கட்டைவிரலில் ஒரு அடி. பிறகு நாற்காலிக்குப் பின்னால் நின்று, சோதனைச் சட்டத்தை அவள் காதுகளில் மாட்டி, வில்லைகளை மாற்ற ஆரம்பித்தான். நாற்பத்து மூன்று வருடங்களில் முதல் முறையாக அந்த முகத்தை ஒரு முழ தூரத்தில், நேருக்கு நேர் பார்த்தான். நரைத்திருந்தாள். இடது காதோரம் வெயில் படாத ஒரு கோடு இருந்தது.

"முதல்ல போட்டது தெளிவா, இப்ப போட்டதா?"

"முதல்ல போட்டது."

அவன் வேறொன்றை மாற்றினான்.

"இப்ப?"

"இது மோசம்."

"இது?"

"இது நல்லாருக்கு. கடைசி வரி தெரியுது. படிக்கணுமா?"

முப்பத்தைந்து வருடத் தொழிலில் இப்படி ஒரு வாடிக்கையாளரை அவன் கண்டதில்லை. வில்லையைக் கையில் வைத்துக்கொண்டு, அது வியர்வையில் வழுக்கி விழப்போவதுகூடத் தெரியாமல், கேட்டுவிட்டான்.

"அன்னைக்கு சும்மா விளையாட்டுக்குத்தான் சத்தம் குடுத்தேன். உங்கிட்ட சொல்றதுக்கு அப்ப ஒண்ணுமே இல்ல. உனக்கு என் மேல கோவம் உண்டா, இல்லையா?"

அவள் மூக்கின் மேல் சட்டத்தைச் சரிசெய்துகொண்டாள்.

"உண்டு" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். காலில் விழலாமா என்று பார்த்தான். நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவே அதற்கு இடமில்லை.

"கழுத்துக்கு இல்ல. அது அந்த வருஷமே போயிடுச்சு. திரும்பினது நான்தானே, நீயா திருப்பின? இந்தக் கழுத்தாலதான் வேலை, இந்தக் கழுத்தாலதான் அவரும். எனக்கு இது போதும்."

"அப்புறம் எதுக்கு?"

"வருஷா வருஷம் முப்பத்தஞ்சு பேருக்கு ஒரே கடிதத்தை எழுதி, அதுல ஒண்ண எனக்கும் அனுப்புன பாரு, அதுக்கு. 'அன்புள்ள நண்பருக்கு'ன்னு. நீ என் பேரை எழுதுவ, எழுதுவன்னு நானும் பாத்தேன். ஊர்ல எல்லாரும் என் கழுத்தைப் பாத்துத்தான் பேசுவாங்க. ஒருத்தனுக்காவது எங்கிட்ட பேச வேற எதாவது இருக்கும்னு நெனச்சேன். இருந்துச்சா, இல்லையா, அது எனக்குத் தெரியாது. ஆனா அதனாலதான் நானும் ஒரே சொல்லுல பதில் போட்டேன். கோவத்துலதான் போட்டேன்."