சாமை அறுப்பும் காந்தி ஜெயந்தியும்

இப்போதெல்லாம் ஜனங்களுக்குக் காரியத்தைவிடக் கூட்டம்தான் பெரிதாகிவிட்டது. ஜீப் வருகிறது என்றால் போதும், அடுப்பில் வேகும் களியைக்கூட விட்டுவிட்டு ஓடுகிறார்கள்.

எங்கள் மலையில் சாமை அறுக்கக் கூலி ஆள் கிடையாது. இன்று என் கொல்லையில் ஊரே இறங்கும், நாளை இன்னொருவர் கொல்லையில் நான் இறங்குவேன். முறை வைத்து அறுப்போம். இந்த வருஷம் என் முறை அக்டோபர் இரண்டாம் தேதியில் விழுந்தது. சாமை முற்றித் தலைசாய்ந்து நின்றது. மேகம் கறுத்திருந்தது. ஒரு மழை அடித்தால் மணியெல்லாம் மண்ணில் கொட்டிவிடும். வருஷச் சோறு போச்சு.

விடிந்ததும் அரிவாளோடு நின்றேன். ஒரு ஆள் வரவில்லை. ஊர்க்கவுண்டன் சின்னதம்பி எல்லாரையும் மலையடிப் பாதைக்கு ஓட்டிப் போயிருந்தான். காந்தி ஜெயந்தியாம். சிரமதானமாம். ஊரே சேர்ந்து பாதை போடுவதைப் பார்க்கக் கீழேயிருந்து அதிகாரி வருகிறாராம்.

நேரே அங்கே போனேன்.

"இன்னாடா சின்னதம்பி, இன்னிக்கு என் முறதானே?"

"ஒரு நாளு பொறுத்துக்க பெரிப்பா. காந்திக்காக இதுகூட செய்யமாட்டியா?"

"செய்றதுன்னா செய்ங்க. ஏன் குந்திக்கினு கீறீங்க?"

"ஆபீசர் வந்துதான் மொத மண்ண வெட்டணும். அதுக்கு மின்ன யாரும் தொடக்கூடாது."

நாற்பது பேர். காந்தி படத்துக்கு முன்னால் மண்வெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்கள்.

"அதுவரைக்கும் வந்து அறுத்தா இன்னாடா?"

"ஜீப்பு வர்றப்ப ஆளில்லன்னா என் மானம் போய்டும்."

திரும்பிப் போய் ஒண்டியாக அறுத்தேன். உச்சி சாய்ந்த பிறகும் மூன்று கட்டுத்தான் தேறியது. ஜீப் சத்தம் கேட்டது. இனியாவது ஆளை விடுவார்கள் என்று மறுபடி இறங்கிப் போனேன்.

அதிகாரி மூன்று வெட்டு வெட்டினார். கூடையைத் தூக்கிப் போட்டோவுக்கு நின்றார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து உழைப்பைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"பெரியவரே, நீங்கதான் மூத்தவர். வந்து படத்துக்கு மாலை போடுங்க." அவர் பியூன் மாலையை என் கையில் திணித்தான்.

"அறுப்புல கீறேன் சாமி. ஆளுங்கள வுட்டுடுங்க."

சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். "நாட்டுக்காக ஒரு நாள் கொடுக்கக் கூடாதா?"

"குடுக்கலாம் சாமி. காலைலேர்ந்து நாப்பது பேரு குந்திக்கினு இருந்தாங்களே, அத்த எந்த நாட்டுக்குக் குடுத்தாங்க?"

சின்னதம்பி என் கையைப் பிடித்து இழுத்தான்.

"மானத்த வாங்காத பெரிப்பா. நாளைக்கு எல்லாரும் உன் கொல்லைக்கே வர்றோம்."

"நாளைக்கு செந்தாமரை முற. புருசன் இல்லாதவ. அவ சாமை மட்டும் கொட்டிப் போட்டுமா?"

பக்கத்தில் நின்ற செந்தாமரை மேகத்தை அண்ணாந்து பார்த்தாள்.

அப்போதுதான் தூறல் விழுந்தது. பத்துப் பேர் ஓடினார்கள். என் கொல்லைக்கு இல்லை, அதிகாரியின் நாற்காலி நனையாமல் தூக்க.

"பாதை வந்தா உங்களுக்குத்தான் நல்லது, பெரியவரே," என்றார் அதிகாரி, ஜீப்பில் ஏறிக்கொண்டே.

வந்தால் பார்க்கலாம். மூன்று வெட்டில் எந்தப் பாதையும் வந்து நான் பார்த்ததில்லை. மாலையை அவர் பியூன் கையில் கொடுத்துவிட்டு, அரிவாளை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறினேன்.