சுமலதா பார்த்த முதுகு

மூக்கண்டப்பள்ளியில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் சுமலதாவுக்குக் கடைசிச் சோதனையில் வேலை. கண்ணால் பார்க்காத ட்ரேக்கு அவள் ஓகே சீட்டு ஒட்டியதே கிடையாது. மேனேஜரே வந்து கெஞ்சினாலும் அசைய மாட்டாள். அப்பேர்ப்பட்டவள் அந்த ஞாயிற்றுக்கிழமை கையில் பேனாவை வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தாள்.

எதிரே பெரியப்பா கிருஷ்ணப்பன். நாட்றாம்பாளையத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். ஊர் ஓடைக்கரை அம்மனுக்கு அடுத்த மாதம் கும்பாபிஷேகம். தல புராணத்தைப் புத்தகமாகப் போடுகிறார். வெள்ளத்தில் போன ஒரு குழந்தையை அந்தக் காலத்தில் அம்மனே தூக்கி வந்து தன் கோயில் படியில் வைத்தாள் என்பது புராணம். “இதையெல்லாம் பார்த்தது யாரு?” என்று பெங்களூரில் இருக்கும் அவர் மகன் ராஜசேகர் கேட்டுவிட்டான். அந்தக் கேள்வி மனுஷனைச் சும்மா இருக்க விடவில்லை.

“பார்த்தவ நீ இருக்கியேம்மா! மூணு வருஷத்துக்கு முன்ன ஓடை வெள்ளத்துல போன நம்ம யுவஸ்ரீயை அம்மன் தூக்கிட்டு வந்ததை உன் கண்ணால பார்த்தல்ல? கீழ ஒரு கையெழுத்துப் போடு. அப்புறம் எவன் புராணத்தைப் பொய்யின்னு சொல்றான்னு பார்த்துடறேன்.”

அவர் நீட்டிய தாளில் ‘மஞ்சள் பட்டு உடுத்தி, கையில் சூலம் ஏந்தி, ஒளி வீசும் முகத்துடன்’ என்று எழுதியிருந்தது. சுமலதா பார்த்தது இவ்வளவுதான்: கொட்டும் மழையில், ஓடையின் அக்கரையில், ஒரு மஞ்சள் சேலை, ஒரு முதுகு, அந்த இடுப்பில் தன் ஐந்து வயது மகள். பாலத்தைச் சுற்றிக்கொண்டு ஓடிச் சேர்ந்தபோது கோயில் படியில் குழந்தை மட்டும் இருந்தது. ஊர் ‘அம்மன்’ என்றது. பிள்ளை பிழைத்த சந்தோஷத்தில் அவளும் தலையாட்டினாள். ஆளாளுக்குச் சொல்லிச் சொல்லி சேலை பட்டானது, சூலமும் எங்கிருந்தோ வந்து சேர்ந்தது. அன்று ஊரிலேயே இல்லாதவர்கள்கூட நேரில் பார்த்தார்களாம்.

பிள்ளையைத் திருப்பித் தந்தவளுக்காக ஒரு கையெழுத்துப் போடவில்லை என்றால் நான் என்ன மனுஷி என்று நினைத்தபடி பேனாவை ஊன்றப் போனாள்.

“முகமெல்லாம் அப்படி மின்னல தாத்தா,” என்றாள் பக்கத்தில் எட்டிப் படித்துக்கொண்டிருந்த யுவஸ்ரீ. “தெலுங்குல திட்டிட்டே வந்தாங்க. நம்ம முனிலட்சுமி ஆன்ட்டி அவங்க பையனைத் திட்டுவாங்கல்ல, அதே மாதிரி, அதே குரல். முதுகுல ஓங்கி ஒண்ணு வச்சாங்க. குடிச்ச தண்ணியெல்லாம் வெளிய வந்துடுச்சு.”

“இத்தனை நாளா ஏன்டி சொல்லல?”

“நீதானம்மா சாமின்னு சொன்ன. சாமியைப் போய் ஆன்ட்டின்னு சொன்னா கண்ணைக் குத்திடும்ல?”

கிருஷ்ணப்பன் சிரித்தார். “குழந்தை பேச்சை விடும்மா. நம்ம அம்மன் எதுக்குத் தெலுங்குல பேசறா?”

“ஊர்ல பாதிப் பேரு அவகிட்ட தெலுங்குலதான வேண்டிக்கறாங்க, பெரியப்பா. நீங்க சாப்பிட்டுட்டு இருங்க, வந்துடறேன்.”

முனிலட்சுமியும் அதே ஊர்தான், கூலிக்காரர் தெரு. இப்போது இங்கே இரண்டு தெரு தள்ளி லைன் வீட்டில் இருக்கிறாள். சுமலதாவின் கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிற வேலை. தினமும் ஒரே கம்பெனி பஸ். குழாயடியில் குடம் வைத்துக்கொண்டு நின்றவளைச் சுவரோரம் இழுத்துப்போய் சுமலதா நேராகவே கேட்டாள்.

முனிலட்சுமிக்கு முகம் செத்துவிட்டது. “அக்கா, கும்பிட்டுக் கேக்கறேன், வெளிய சொல்லிடாதீங்க. அன்னிக்கு எங்க மாமியா செத்து மூணாம் நாளு. தீட்டோட கோயில் படி ஏறிட்டேன். வேற மேடே இல்லியே, புள்ளையை எங்க வைக்கறது? தெரிஞ்சா ஊர்ல சும்மா விடுவாங்களா? அதான் யாரும் வர்றதுக்குள்ள ஓடிட்டேன்.”

“பெரியப்பா அம்மனைப் பார்த்தேன்னு எழுதித் தரச் சொல்றாரு.”

“எழுதித் தந்துடுங்கக்கா! எனக்கு நீச்சலே தெரியாது. கழுத்து முட்டத் தண்ணி. காலை எங்க ஊனினேன்னு இன்னிக்கும் தெரியல. அம்மன்தான் என்னை நடத்திக் கூட்டிட்டுப் போனா. சத்தியமா சொல்றேன்.”

“அது நீ கண்டது. அதை நான் இல்லைங்கல. நான் பார்த்தது உன் முதுகை. உன் பேரைச் சொல்லாம அதுக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? உன்னை மாட்டிவிடவும் மாட்டேன். அதனால எதுலயும் போடல. பெரியப்பாகிட்ட முகம் பார்க்கலைன்னு சொல்லிக்கறேன்.”

“அம்மன் கோவிச்சுக்க மாட்டாளா? அவளுக்கு நன்றி சொல்ல வேணாமா?”

“அவளுக்கு மூணு வருஷமா தினம் விளக்கேத்திச் சொல்லிட்டுத்தான் இருக்கேன். தினம் பக்கத்து சீட்ல உக்கார்ந்து வர்ற, உனக்குத்தான் ஒரு நாள்கூட சொன்னதில்ல.”

சொல்லிவிட்டு, குழாயடியில் நின்ற அத்தனை பேரும் பார்க்க, முனிலட்சுமியின் ஈரக் கைகள் இரண்டையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.