கழுத்து திரும்பிய பக்கம்

என் வீட்டுக்காரர் பளு தூக்குவதை அன்றோடு நிறுத்திவிடுவது என்ற முடிவோடுதான் நான் கம்பத்தில் தேனி பஸ் ஏறினேன். தூக்குகிறவர் அவர், நிறுத்துகிறவள் நான். எங்கள் வீட்டில் பெரிய முடிவுகள் இப்படித்தான் எடுக்கப்படும். அவரும் பக்கத்து சீட்டில்தான் இருந்தார். சின்னமனூர் வரைக்கும் ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டு வந்தார், அப்புறம் தூங்கிவிட்டார்.

அவர் பெயர் செல்லப்பாண்டி. லோயர் கேம்ப் பவர் ஹவுசில் ஃபிட்டர் வேலை. வேலை முடிந்தால் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் கம்பத்தில் இருக்கும் வீர ஆஞ்சநேயர் தேகப்பயிற்சி சாலைக்குப் போய்விடுவார். எழுபத்தைந்து கிலோ எடைப் பிரிவில் ஜில்லா அளவில் பேர் வாங்கியவர். எனக்கு அதில் ஒரு பெருமையும் கிடையாது. என் பங்குக்கு வந்தது தைலம்தான். கல்யாணமான நாளிலிருந்து தினமும் ராத்திரி அவர் வலது இடுப்பில் தைலம் தேய்த்துத் தேய்த்து என் உள்ளங்கை வாசனையே மாறிப்போயிருந்தது.

அந்த வலி அவருக்கு மட்டும் இல்லை. அந்தச் சாலையில் தூக்குகிற எல்லாருக்கும் வலது இடுப்பில்தான் வலி. அதற்கு சஞ்சீவி வலி என்று பெயர் வைத்திருந்தார்கள். மலையைத் தூக்கிய சாமி, தன் சுமையில் கொஞ்சத்தைப் பிரித்து பக்தனுக்குக் கொடுக்கிறாராம். புதிதாகச் சேர்ந்தவனுக்கு அந்த இடத்தில் வலி வந்துவிட்டால் சாமி அவனை ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று தேங்காய் உடைப்பார்கள். நடத்துகிற நல்லகண்ணு வாத்தியாருக்கே அந்த வலி இருந்தது. குனிந்து செருப்பு மாட்ட முடியாமல் காலாலேயே துழாவுவார்.

இதையெல்லாம் நான் கேட்டதுதான், பார்த்தது இல்லை. பிரம்மச்சாரி சாமி இருக்கிற இடமாம், பெண்கள் வாசலைத் தாண்டக் கூடாதாம். உள்ளே தூக்குகிறவர்களில் பாதிப் பேர் பிள்ளைகுட்டிக்காரர்கள், அதில் சாமிக்கு வருத்தம் இல்லை போலிருக்கிறது. எப்படியோ, என் புருஷன் தலைக்கு மேலே இரும்பைத் தூக்கி நான் ஒரு தடவைகூடக் கண்ணால் கண்டதில்லை.

அந்த வருஷம், அதாவது எண்பத்தேழில், அவருக்கு வலது பாதம் மரத்துப்போக ஆரம்பித்தது. நடந்து வரும்போது செருப்பு கழன்று பின்னால் கிடக்கும், அவருக்குத் தெரியாது. மதுரைக்குப் போய் எலும்பு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து, வாயுப்பிடிப்பு என்று என்னிடம் சொன்னார். கூடப் போயிருந்த அவருடைய பள்ளிக்கூடத்துக் கூட்டாளி சுந்தர்ராஜ்தான் பிறகு உண்மையைச் சொன்னது. முதுகெலும்பு நடுவில் இருக்கிற ஜவ்வு பிதுங்கி, காலுக்குப் போகிற நரம்பை அழுத்துகிறதாம். இதே மாதிரி தூக்கிக்கொண்டிருந்தால் கால் விளங்காமலே போகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நீ எப்படித் தூக்குகிறாய் என்று அவர் கேட்டதற்கு, எல்லாரும் தூக்குகிற மாதிரிதான் என்று இவர் பதில் சொல்லியிருக்கிறார்.

சுந்தர்ராஜ் தேனி கடைவீதியில் ஸ்டுடியோ வைத்திருந்தவர். கல்யாணங்களுக்கு வீடியோ எடுப்பார். முந்தின மாதம் மதுரையில் ஒரு கல்யாணத்தை முடித்துக்கொண்டு, அதே கேமராவோடு போட்டி நடந்த இடத்துக்குப் போய் இவர் தூக்குவதை எடுத்து வைத்திருந்தார். வந்து பாருங்கள் மதினி என்று கூப்பிட்டார். நான் கிளம்பியதற்குக் காரணம் வேறு. தான் படுகிற பாட்டைத் தானே டிவியில் பார்த்தால் இந்த மனுஷனுக்குப் பயம் வரும், அந்தச் சூட்டோடு தலையிலடித்துச் சத்தியம் வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

கேசட்டைப் போட்டதும் முதலில் யாரோ ஒரு மணப்பெண் வெட்கப்பட்டுக்கொண்டே வந்தாள். பிறகு சட்டென்று என் புருஷன் வந்தார். குனிந்தார், இரும்பைப் பிடித்தார், தோளுக்கு ஏற்றினார், தலைக்கு மேலே நிறுத்தினார், கீழே போட்டார். அவ்வளவுதான். மூச்சு விடுவதற்குள் முடிந்துவிட்டது. இதற்குத்தானா இத்தனை வருஷத் தைலம் என்று நினைத்தேன்.

சுந்தர்ராஜ் கேசட்டைப் பின்னால் ஓட்டி, திரும்ப விட்டு, ஒரு பட்டனை அமுக்கினார். படம் நின்றது. இன்னொன்றை அமுக்க அமுக்க, படம் துளித்துளியாக நகர்ந்தது.

அதற்கப்புறம் நான் பார்த்ததை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. அவர் கை மேலே ஏறிவிட்டது, தடியின் இரண்டு முனையிலும் மாட்டிய கனச் சக்கரங்கள் இன்னும் தரையிலேயே இருந்தன. நடுவில் அந்த இரும்புத் தடி மூங்கில் மாதிரி வளைந்து கிடந்தது. அப்புறம் சக்கரங்கள் எழும்பின. தொடை, இடுப்பு, முதுகு என்று ஒவ்வொன்றும் முறை வைத்துக்கொண்டு வேலை செய்தன. கன்னத்தின் சதை தனியே ஆடியது. நான் அவர் பளுவை மேலே கொண்டுபோகிறார் என்றுதான் எப்போதும் நினைத்திருந்தேன். அது பாதிதான். மேலே எழும்பிய பளு ஒரு இடத்தில் யாருக்கும் சொந்தமில்லாமல் அந்தரத்தில் நின்றது. அந்த நேரத்தில் அவர் கீழே போனார். அத்தனை கனத்துக்கு அடியில், அது விழுமா நிற்குமா என்று தெரியாமலே, தானாகப் போய் உட்கார்ந்தார்.

எனக்கு உடம்பு புல்லரித்துவிட்டது. நான் தினமும் தொட்டுத் தேய்த்த முதுகு அது. காபி சூடாக இல்லை என்று முகத்தைத் தூக்குகிற அதே ஆள். அவருக்குள் இப்படி ஒன்று நடக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நிறுத்து என்று சொல்ல வந்த நான், திரும்பப் போடச் சொன்னேன். மறுபடியும் போடச் சொன்னேன்.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அது தெரிந்தது. தோளிலிருந்து பளுவை மேலே தள்ளப் போகிற நேரத்தில் அவர் கழுத்து இடது பக்கமாகத் திரும்பி, கண் மேலே போனது. கழுத்தோடு இடது தோளும் கொஞ்சம் திரும்பியது. அடுத்த துளியில் வலது இடுப்பு தாழ்ந்தது. அத்தனை கனமும் நேராக இறங்காமல், முறுக்கிய துணிமேல் வைத்த குடம் மாதிரி அந்த இடுப்பில் வந்து உட்கார்ந்தது. நான் தைலம் தேய்க்கிற இடம், விரல் வைத்துக் காட்டலாம் போல.

"அங்கன என்னத்தப் பாக்குறீக?" என்று கேட்டேன்.

எங்கே என்றார். தான் எதையும் பார்க்கவில்லை என்றார். டிவியில் தெரிகிற தன் முகத்தையே வேறு யாரோ போலப் பார்த்தார்.

"மதுரையில அந்த மூலையில ஒண்ணுமே இல்ல மதினி. வெறுஞ்செவருதான்" என்றார் சுந்தர்ராஜ்.

என் வீட்டுக்காரர் எழுந்தார். வெறும் கையோடு டிவிக்கு முன்னால் நின்று, குனிந்து, இல்லாத பளுவைத் தோளுக்கு ஏற்றி, மேலே தள்ளினார். கழுத்து திரும்பியது. அப்படியே நின்றார். ஸ்டுடியோவின் அந்த மூலையில் ஒரு தட்டும் ஃபிலிம் டப்பாக்களும் இருந்தன. அவர் கண்ணில் நீர் கட்டிவிட்டது.

"ஆஞ்சநேயரு, புள்ள" என்றார். "நம்ம சாலையில அங்கனதான் இருப்பாரு."

ஈசானிய மூலையில் படம். தூக்குகிற பலகை போட்டிருப்பது கிழக்குப் பார்த்து. பளுவைத் தலைக்கு மேலே தள்ளும்போது சாமி முகத்தைப் பார்த்துத் தள்ள வேண்டும் என்பது அங்கே முதல் நாள் பாடம். பார்த்தால் இடது பக்கம், மேலே. பதினெட்டு வயதிலிருந்து பார்த்துப் பழகியவருக்கு மதுரையில் படமே இல்லாத சுவரிலும் கழுத்து சாமியைத் தேடிப் போயிருக்கிறது. எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. கோபமும் வந்தது. இப்படி ஒரு பக்தியா, அது இவர் காலை வாங்கிக்கொண்டு போகவா? இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

சுந்தர்ராஜ் சர்ச்சுக்குப் போகிறவர். உங்கள் சாமியால் வந்த வினை என்று தான் சொன்னதாக ஊரில் யாரும் பேசக் கூடாது என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து கேட்டுக்கொண்டார். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் காரில் கேமரா, டெக், டிவி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கம்பத்துக்கு அவர்தான் வந்தார். சாலையில் எல்லாரும் தூக்குவதை எடுத்தார். பிறகு நல்லகண்ணு வாத்தியார் வீட்டுக் கூடத்தில் போட்டுக் காட்டினார். வீடு என்பதால் எனக்கும் உள்ளே இடம் கிடைத்தது.

ஒவ்வொருவராக வந்தார்கள். ஒல்லி, குண்டு, புதியவன், பழையவன். ஒவ்வொருவர் கழுத்தும் அதே நேரத்தில் அதே பக்கம் திரும்பியது. ஒவ்வொரு வலது இடுப்பும் தாழ்ந்தது. முதலில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் போகப் போக டிவிக்குக் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தார்கள். வாத்தியார் கோபப்படுவார், சாமியைக் குற்றம் சொல்லுகிறாயா என்று சுந்தர்ராஜை வெளியே அனுப்புவார் என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். அவரோ தன் வலது இடுப்பில் கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவே இல்லை.

"சாமி குடுத்ததுன்னு நெனச்சேன்" என்றார். "குடுத்தது நானு."

படத்தை எதிர்ச் சுவருக்கு மாற்றலாம் என்று ஒருவர் சொல்ல, ஈசானியத்தில் வைத்த சாமியை நகர்த்தக் கூடாது என்று இன்னொருவர் சொல்ல, ஒரு பெரிய வாக்குவாதம் கிளம்பியது. வாத்தியார் அதில் கலந்துகொள்ளவில்லை. சாமி இருக்கிற இடத்தில் இருக்கட்டும், நாம் திரும்பிக்கொள்ளலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு, கடப்பாரையைத் தேடிக்கொண்டு போய்விட்டார். சாயங்காலத்துக்குள் பலகையைப் பெயர்த்து, அந்த மூலையைப் பார்க்க வைத்துவிட்டார்கள். படம் அதே சுவரில், கண் மட்டத்துக்கு இறங்கியது. இப்போது சாமி நேர் எதிரே.

சாலையைத் திருப்புவது ஒரு நாள் வேலை. கழுத்தைத் திருப்புவதுதான் பெரிய பாடாக இருந்தது. டாக்டர் சொன்னபடி என் வீட்டுக்காரர் மாதக்கணக்கில் இரும்பைத் தொடவில்லை. மூங்கில் கம்பை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டு முற்றத்தில் தூக்கினார். நான் சோற்றை வடித்துக்கொண்டே, திரும்புது, திரும்புது என்று கத்துவேன். தனக்குத் தெரியவே இல்லை என்பார். சுந்தர்ராஜ் வந்து எடுத்துப் போட்டுக் காட்டினால் ஒப்புக்கொள்வார். கேசட்டில் தெரிகிற அவருக்கும், உள்ளே இருந்து தூக்குகிற அவருக்கும் பழக்கமே இல்லாதது மாதிரி இருந்தது. பாதத்தில் மரத்துப்போனது கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. செருப்பு காலில் நின்றது. டாக்டர் தலையாட்டிய பிறகுதான் இரும்புக்குப் போனார்.

மறு வருஷம் மதுரையில் அதே போட்டி. இந்தத் தடவை நானும் போனேன். அங்கே நாற்காலி போட்டிருந்தார்கள், எந்தச் சாமியும் என்னைத் தடுக்கவில்லை. வாத்தியார் என் பக்கத்தில் உட்கார்ந்தார். சுந்தர்ராஜுக்கு அன்று கல்யாண முகூர்த்தம், அதனால் கேமரா இல்லை.

அவருக்குக் கொடுத்த வாய்ப்பில் கடைசித் தடவை. இதைத் தூக்கினால் முதல் மூன்று இடத்துக்குள் வந்துவிடுவார், போன வருஷம் தூக்கியதைவிட இது கூடுதல் கனம் என்று வாத்தியார் சொன்னார். என் வீட்டுக்காரர் வந்தார், குனிந்தார், பிடித்தார். பளு தோளுக்கு ஏறியது. எனக்குக் கண்ணால் ஒன்றும் பிரித்துப் பார்க்க முடியவில்லை, ஆனால் உள்ளே என்னென்ன நடக்கிறது என்று தெரியும். முட்டி இலேசாக மடங்கியது. பளு மேலே கிளம்பியது.

கிளம்பிய பளுவை அவர் கைவிட்டார். சட்டென்று பின்னால் விலகினார். அது முன்பக்கம் தரையில் விழுந்து கட்டிடமே அதிர்ந்தது. கூட்டம் உச்சுக்கொட்டியது. பின்னால் ஒருவர், பலம் இருந்தும் பயந்துவிட்டான் என்றார். நான்காவது இடம்.

எனக்கு உயிர் போய்விட்டது. இடுப்பு பிடித்துக்கொண்டதோ, கால் மடங்கியதோ என்று நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். அவர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கையில் இருந்த சுண்ணாம்புப் பொடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. எதற்கு இந்தச் சிரிப்பு, எங்கே வலிக்கிறது, என்ன ஆயிற்று என்று அடுக்கினேன்.

"கழுத்து பழையபடி எடப்பக்கம் திரும்பப் பாத்துச்சு, புள்ள" என்றார். "எனக்குத் தெரிஞ்சிருச்சு."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். பட்டனை அமுக்கி, படத்தை நிறுத்தி, திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தால்தான் அகப்பட்ட அந்த ஒரு துளி நேரம் அது. அவ்வளவு கனம் கையில் இருக்கும்போது, அவ்வளவு வேகத்தில், அது தன்னிடம் வருவதை உள்ளேயிருந்தே கண்டு, பளுவையும் விட்டிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. அன்றைக்கு மெடல் வாங்கிய மூன்று பேரும் எங்களைத் தாண்டிப் போனார்கள். அவர்களை நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.