ஃபேன் சத்தத்தை அடக்கியவர்

வெள்ளிக்கிழமை என் குரல்வளையை எடுத்துவிடுவது என்று முடிவாகிவிட்டது. அதற்குள் மருத்துவமனையில் கொடுத்த ஆயிரம் வாக்கியங்களை நான் கம்ப்யூட்டரில் வாசித்துப் பதிய வேண்டும். அதை வைத்து என் குரலிலேயே பேசும் கருவி ஒன்றைச் செய்து தருவார்களாம். நான் டைப் அடித்தால் அது என்னைப் போலப் பேசும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வருஷக்கணக்கில் அதட்டி மேய்த்த தொண்டை இது. லேசில் விட்டுக்கொடுப்பேனா?

மாதிரிக்கு அனுப்பியதைக் கேட்டுவிட்டு அங்கிருந்து ஒரு பெண் போன் செய்தாள். "மேடம், உங்க குரலுக்குப் பின்னாடி ஒரே இரைச்சலா இருக்கு. இதை வெச்சு ஒண்ணும் செய்ய முடியாது."

இரைச்சல் எங்கள் பழைய கம்ப்யூட்டர் பெட்டியில் இருந்த ஃபேன்களுடையது. ஸ்விட்சைப் போட்டால் மாவு மில் மாதிரி கத்தும். என் கணவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். இந்த மனுஷன் கை வைத்த மிக்சி இன்றுவரை பரணில் கிடக்கிறது.

"ஃபேன் எல்லாம் நேரா பவர் சப்ளைல இருக்கு, அதான் எப்பவும் முழு வேகம். மதர்போர்டுல மாத்திச் சொருகினா, சூட்டைப் பாத்து அதுவே கூட்டிக் குறைச்சுக்கும்."

"எந்தச் சூட்டைப் பாத்து?"

"பிராசஸர் சூட்டை. வேற எதை?"

வயர்களை மாற்றிச் சொருகினார். செட்டிங்கில் போய், பிராசஸர் சூடாகும்வரை ஃபேன் சுற்றவே வேண்டாம் என்று வைத்தார். நான் வாக்கியம் வாசிப்பதற்கெல்லாம் பிராசஸர் சூடாகுமா? அது பாட்டுக்குக் குளிர்ந்து கிடந்தது. அதற்குக் கீழே, என் குரல் முழுவதும் போய்ச் சேரும் ஹார்டு டிஸ்க் காற்றே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் சூட்டை யாரும் பார்க்கவில்லை. போதாததற்கு, பெட்டியை மர அலமாரிக்குள் தள்ளிச் சுற்றிலும் ஸ்பாஞ்சு அடைத்தார்.

அறை அப்படியே அடங்கிப் போனது. சொன்னால் சிரிப்பீர்கள், அந்த அமைதி எனக்குப் பிடிக்கவே இல்லை. வாசித்தேன். எனக்குத் தண்ணீர் வேண்டும். இங்கே வலிக்கிறது. விளக்கை அணைக்காதே. பட்டியலில் திட்டுவதற்கு ஒரு வாக்கியம்கூட இல்லை. இவரோடு குடித்தனம் நடத்த அது வேண்டாமா? நானாகச் சிலதைச் சேர்த்துப் பதிந்தேன்.

பாதிக்கு மேல் வந்தபோது அலமாரிக்குள் டிக், டிக் என்று கேட்டது.

"உள்ள என்னமோ தட்டுதுங்க."

"பழைய டிஸ்க்கு, அப்படித்தான் இருக்கும். பதிவுல விழாம நான் பாத்துக்கறேன்." இன்னும் ஒரு அடுக்கு ஸ்பாஞ்சை அடைத்தார்.

மறுநாள் அலமாரிக் கதவைத் தொட்டேன். காய்ச்சல்காரன் நெற்றி போலச் சுட்டது.

"ஏங்க, இதுவரைக்கும் பேசினதை வேற எதுலயாவது ஏத்தி வைங்களேன்."

"நடுவுல கை வெச்சா ஏதாவது மாறிப் போயிடும். எல்லாம் முடியட்டும், ஒரே மூட்டையா அனுப்பிடலாம். நீ தொண்டையைப் பாத்துக்க."

வியாழக்கிழமை கடைசிப் பக்கத்தில் இருந்தேன். திரை அப்படியே நின்றது. அவர் அலமாரியைத் திறந்ததும் கருகல் வாடை அடித்தது. ஃபேன்கள் அசையாமல் நின்றிருந்தன. டிஸ்க்கைக் கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டு கடைக்கு ஓடினார். சாயங்காலம் திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"என்ன சொன்னாங்க?"

"உள்ள பதிவு ஏறியிருக்கற தட்டே கீறிப் போச்சாம். ஒண்ணும் தேறாதாம்."

கத்தினேன். அடப்பாவி மனுஷா என்று ஆரம்பித்து, வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக் கத்தினேன். நாள் முழுக்க வாசித்துப் புண்ணாகியிருந்த தொண்டை ஓர் இடத்தில் அடைத்துக்கொண்டது. பிறகுதான் புத்தி வந்தது. போனிலாவது நாலு வார்த்தை பதியலாம் என்று எடுத்து வாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது. எனக்குப் பயமாக இருந்தது. விடியும்வரை குரல் திரும்பவே இல்லை. விடிந்ததும் அவர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

ஆபரேஷன் முடிந்ததும் கருவி கொடுத்தார்கள். அதில் ஏற்கெனவே இருந்த ஒரு பெண்ணின் குரல். இளசு, தேன் ஒழுகும் பேச்சு. எனக்கு அவளைக் கண்டாலே ஆகாது.

வீட்டுக்கு வந்த அன்று அவர் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் கூடத்தில் உட்கார்ந்தபடி, போதும் விட்டுட்டு வந்து உட்காருங்க என்று டைப் அடித்து அழுத்தினேன்.

பாத்திரச் சத்தம் நின்றது.

"யாருங்க அது?" என்றார் உள்ளேயிருந்து. ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே என்னைத் தாண்டிப் போய் வாசல் கதவைத் திறந்தார்.