காய்ச்சல் என்று சொல்லாத காலை

அந்த வீட்டில் காய்ச்சலுக்குப் பஞ்சமே இல்லை. வீட்டிலிருந்து லிப்ட் கம்பெனிக்குப் போன் போனாலே, மெக்கானிக்குக் காய்ச்சல் என்று அர்த்தம். காய்ச்சல் சலித்துப்போனால் வயிற்றுவலி, அதுவும் சலித்தால் பல்வலி. ஒருமுறை மெக்கானிக்கின் அம்மா, வெளியூரில் திடகாத்திரமாக இருக்கும் சித்தப்பாவைச் சாகடித்து லீவு வாங்கிக் கொடுத்தாள். அது தெரியாமல் அடுத்த மாதமே மருமகளும் அதே சித்தப்பாவைச் சாகடித்தாள். சூப்பர்வைசர் நல்ல மனிதர். "எத்தனை சித்தப்பாம்மா உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைத்தார்.

மருமகளுக்கு வேலை ஓட்டல் ஒன்றின் சலவைக் கூடத்தில். விரிப்பில் எந்தக் கறை இருந்தாலும் இருந்த இடம் தெரியாமல் எடுத்துவிடுவாள். வீட்டிலும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

மெக்கானிக் பிறவிக் குடிகாரன் இல்லை. அவனோடு வேலை செய்த மூத்த மெக்கானிக் ஒருவர் லிப்ட் குழிக்குள் விழுந்து செத்துப்போனார். இவன்மேல் தப்பில்லை என்று விசாரித்தவர்கள் சொன்னார்கள், செத்தவரின் மனைவியே சொன்னாள். யார் சொல்லியும் அவன் மனசு மட்டும் கேட்கவில்லை. தூக்கம் போயிற்று. தூங்குவதற்காகக் கொஞ்சம் என்று ஆரம்பித்தது, இப்போது விடிந்ததும் கை நடுங்குகிற அளவுக்கு வந்து நின்றது.

ஆஸ்பத்திரியில் வாரம் ஒருநாள் இப்படிப்பட்ட குடும்பங்களை உட்கார வைத்துப் பேசுவார்கள். மருமகள் முதல் தடவை போனபோது அங்கிருந்த ஆலோசகர் அம்மாள், "உங்க வீட்டுக்காரர் விழும்போதெல்லாம் நீங்க கீழே மெத்தை போடறீங்க" என்றார். அப்போ எலும்பு உடையட்டும்னு விட்டுடறதா என்று கேட்டுவிட்டு அவள் பாதியிலேயே எழுந்து வந்துவிட்டாள். அந்த அம்மாளுக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனாலும் அடுத்த வாரம் போனாள். அதற்கடுத்த வாரமும் போனாள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நடிக்காமல் உட்கார அவளுக்கு வேறு இடம் இல்லை.

இன்று காலையில் அவள் கம்பெனிக்குப் போன் செய்வதற்கு முன்பே ஒரு போன் வந்தது. பேசியது நெட்டையன். மெக்கானிக்குக் கூட்டாளியாக வேலை செய்கிறவன்.

"அண்ணி, இன்னைக்கு அண்ணனை அனுப்பாதீங்க. காய்ச்சல்னு சொல்லிடுங்க."

இவனும் சேர்ந்துகொண்டானா என்று அவளுக்கு அலுப்பாக இருந்தது. ஏன் என்று கேட்டாள். நெட்டையன் மென்று விழுங்கினான். பிறகு சொன்னான். லிப்ட் வேலையில் ஒருவன் கூண்டின் மேலே நிற்பான், இன்னொருவன் மோட்டார் அறையில் சுவிட்சோடு நிற்பான். கூண்டின் மேலே இருப்பவன் குரல் கொடுத்த பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும்.

"போன வாரம் நான் குரல் குடுக்கறதுக்கு முன்னாடியே அண்ணன் போட்டுட்டாரு. கையை வெடுக்குனு இழுத்துக்கிட்டேன், தப்பிச்சேன். யார்கிட்டயும் சொல்லலை. அவர்கிட்டயே சொல்லலை, சொன்னா தாங்க மாட்டாரு."

அவள் போனை வைத்துவிட்டு எண்ணிப் பார்த்தாள். மாமியார், தான், இப்போது இவன். எல்லாரும் பாசத்தோடுதான் மறைத்திருக்கிறார்கள், அவனைப் பத்திரமாக மறுபடியும் அந்தச் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். இன்றைக்குக் காய்ச்சல் என்றால் நாளைக்கு? நாளைக்குக் கூண்டின் மேலே யார் பெற்ற பிள்ளை நிற்கப் போகிறதோ.

கட்டிலில் கிடந்த மெக்கானிக் நெற்றியில் கையை வைத்துச் சாடை காட்டினான். வழக்கமான சாடைதான்.

"இன்னைக்குச் சொல்ல மாட்டேன்" என்றாள்.

அவனுக்குக் கோபம் வந்தது. அப்படியென்றால் வேலைக்கே போகிறேன் என்று எழுந்து சட்டையை மாட்டினான். பொத்தான் கைக்கு அகப்படவில்லை. அடுப்படியிலிருந்து ஓடிவந்த மாமியார் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு போன்தானே, சொல்லிடும்மா. வேலை போச்சுன்னா இவன் உயிரோட இருக்க மாட்டான்."

இந்த ஒரு வார்த்தைதான் அவளை இத்தனை காலம் பொய் சொல்ல வைத்தது.

"எனக்கும் அதே பயம்தான் அத்தை. பயந்து பயந்து என்னத்தைக் காப்பாத்தினோம்?"

வாசற்கதவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, நெட்டையன் சொன்னதை ஒன்று விடாமல் புருஷனிடம் சொன்னாள். பொத்தானோடு போராடிய விரல்கள் நின்றன.

"பொய் சொல்றே."

"பொய் சொல்றதைத்தான் நிறுத்திட்டேன்."

அவன் யோசித்துப் பார்த்தான். ஞாபகத்தில் எங்கே தேடியும் அந்த நாள் அவனுக்குக் கிடைக்கவில்லை.

"எந்தக் கை?"

"கேக்கலை. அடிபடலை."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். குலுங்கிக் குலுங்கி அழுதான். கட்டிக்கொண்டு, விடுங்க, ஒன்றும் ஆகவில்லையே என்று சொல்ல அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. வாயை இறுக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இப்போ சூப்பர்வைசருக்குப் போடறேன். நீங்க பேசறதுன்னா பேசுங்க, இல்லைன்னா நான் பேசறேன். வேலை போனாலும் போகட்டும். பேசி முடிச்சதும் ஆஸ்பத்திரிக்குப் போறோம். நான் கூடவே இருப்பேன், ஆனா மறைக்க மாட்டேன்."

எண்ணை அழுத்தினாள். மாமியார் போனைப் பிடுங்கத்தான் வந்தாள். மகனின் முகத்தைப் பார்த்ததும் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

"என்னம்மா, இன்னைக்கும் காய்ச்சலா?" என்றது சூப்பர்வைசரின் குரல்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் கையை நீட்டினான். போன் அவன் கையில் நிற்காமல் ஆடியது. அவள் தன் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான் சார் பேசறேன். இனிமே என்னை மோட்டார் அறையில நிக்க வைக்காதீங்க. போன வாரம் நெட்டையன் குரல் குடுக்காமலே சுவிட்சைப் போட்டிருக்கேன். எனக்கு ஞாபகம்கூட இல்லை சார்."

சூப்பர்வைசர் என்ன சொல்லப் போகிறார் என்று அவன் போனை வைக்காமல் காத்திருந்தான்.